மோர் கேட்ட அன்னை: வேளாங்கண்ணித் தல மரபின் இரண்டாம் நிகழ்வும் எளியோர் மீதான இரக்கமும்

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை திருத்தலத்தின் தோற்றத்தை ஆராய்ந்தோரில் பலர், தல மரபு கூறும் மூன்று நிகழ்வுகளுள் இறுதியானதையே அத்தலத்தின் அடித்தளமாகக் கொண்டு எழுதியுள்ளனர். சீனக் கரையிலுள்ள மக்காவுத் துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கி வந்த போர்த்துகீசியக் கப்பலொன்று வங்கக் கடலில் புயலில் சிக்கியது, மாலுமிகள் அன்னையிடம் நேர்ந்துகொண்டது, அன்னையின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8 அன்று அவர்கள் உயிரோடு கரையேறியது, நன்றிக்கடனாகக் கோயில் எழுப்பியது என விரியும் 17ஆம் நூற்றாண்டுக்குரிய அந்நிகழ்வில் ஆய்வாளரைக் கவரும் கூறுகள் பல உண்டு. அதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பீடத்தில் பதித்த பீங்கான் தட்டுகள் என்னும் பொருட்சான்று இருக்கிறது. ஐரோப்பியக் கடலாதிக்க வரலாற்றோடும் அது எளிதில் பொருந்துகிறது. இவற்றிலிருந்து அவர்கள் வந்தடையும் முடிவு, வேளாங்கண்ணிப் பக்தி அதிகாரத்தின் துணையோடு கடல்வழி வந்திறங்கிப் பின்னர் உள்நாட்டு எளிய மக்களால் ஏற்கப்பட்டது என்பதாகும். அம்முடிவு தல மரபின் சொந்த வரிசையையே தலைகீழாக்குகிறது என்பதும், மோர் விற்ற நடக்க இயலாச் சிறுவனைப் பற்றிய இரண்டாம் நிகழ்வே மரபின் மையம் என்பதும், ஒடுக்கப்பட்டோர் மீதான இரக்கம் குறித்து அந்நிகழ்வு உணர்த்தும் கருத்து இன்றைய திருச்சபை நடைமுறையைவிட ஆழமானது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

முதலில் வரிசையைப் பார்க்கலாம். கரையேறிய மாலுமிகளை அங்கிருந்த மீனவர்கள் ஓர் ஓலைக் குடிலுக்கு அழைத்துச் சென்றார்கள் என்றும், அக்குடில் ஏற்கெனவே அன்னையின் கோயிலாக இருந்தது என்றும், மாலுமிகள் அதனைக் கட்டடமாக மாற்றினார்கள் என்றும் மரபே சொல்கிறது. அதாவது, கப்பல் வந்தபோது வழிபாடு இருந்தது, வழிபடுவோர் இருந்தனர், வழி காட்டவும் ஆள் இருந்தது. கப்பல் நிகழ்வைத் தொடக்கமாகக் கொள்பவர்கள் அந்தக் குடிலைப் பின்னணிக் காட்சியாக்கிவிட்டுக் கடந்துபோகிறார்கள். குடில் யாருடைய சொல்லால் எழுந்தது என்று கேட்டால், விடை இரண்டாம் நிகழ்வில்தான் கிடைக்கிறது.

அந்நிகழ்வு சுருக்கமானது. இன்று நடுத்திட்டு எனப்படும் இடத்தில், ஆலமர நிழலில், ஏழைக் கைம்பெண் ஒருவரின் மகன் வழிப்போக்கர்க்கு மோர் விற்றுக்கொண்டிருக்கிறான். அவனால் நடக்க இயலாது. கையில் குழந்தையோடு வந்த பெண்ணொருத்தி தன் குழந்தைக்கு மோர் கேட்கிறாள், அவன் கொடுக்கிறான். நாகப்பட்டினத்திலுள்ள செல்வந்தரான கத்தோலிக்கர் ஒருவரிடம் போய், இவ்விடத்தில் தனக்கு ஒரு கோயில் எழுப்பச் சொல்லுமாறு அவள் அவனைப் பணிக்கிறாள். அவன் எழுகிறான், எழுந்தபோதே கால் குணமாகியிருப்பதை உணர்கிறான், ஓடிப்போய்ச் செய்தியைச் சொல்கிறான். முந்தைய இரவே கனவில் அன்னையைக் கண்டிருந்த அச்செல்வந்தர் வந்து ஓலைக் கோயிலை அமைக்கிறார்.

இச்சிறுவனை அண்மைக்கால விடுதலை இறையியல் நோக்கில் வாசிப்போர், தீண்டத்தகாதவர் எனப்பட்டவரின் கையிலிருந்து அன்னை உணவு பெற்றாள் என்று விளக்குவதுண்டு. (விடுதலை இறையியல் என்பது ஒடுக்கப்பட்டோரின் வாழ்நிலையிலிருந்து மறைநூலை வாசிக்கும் சிந்தனை முறை.) நோக்கம் உயர்ந்ததே ஆயினும் மூலம் அதற்கு இடந்தரவில்லை. சிறுவனின் சாதியை மரபு சொல்லவில்லை. மேலும், சமைத்த சோற்றுக்கு இருந்த கட்டுப்பாடு பாலுக்கும் மோருக்கும் அவ்வளவாக இருந்ததில்லை. இடையர் கொண்டுவரும் மோரை மேல்சாதியினர் வாங்கி அருந்துவது தமிழ்நாட்டில் வழக்கமாகவே இருந்தது. ஆகவே மோர் கைமாறியதை மட்டும் வைத்துச் சாதி மீறலை நிறுவுவது மிகையாகும். ஆனால் இந்த எச்சரிக்கை நிகழ்வின் கூர்மையைக் குறைத்துவிடுவதில்லை. மோர், வெண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது. நெய்யாகும் பகுதி பட்டணத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் போனபின் ஏழைக் குடிலில் மிஞ்சுவது. அந்த எச்சத்தைத் தன் குழந்தைக்காகக் கேட்டு நிற்பவளாக விண்ணரசியை மரபு காட்டுகிறது. கொடுப்பவளாக வந்திருக்கக்கூடியவள் கேட்பவளாக வருகிறாள் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

முதல் நிகழ்வும் இதையே செய்கிறது. நாகப்பட்டினத்து வாடிக்கையாளர்க்குப் பால் எடுத்துச் செல்லும் சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறுகிறான். அன்னை தன் குழந்தைக்குப் பால் கேட்கிறாள். அவன் கொடுத்துவிட்டு, அளவு குறைந்ததற்கும் நேரம் தவறியதற்கும் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும்போது கலம் நிறைந்து வழிகிறது. இரு நிகழ்வுகளிலும் சிற்றூர் உற்பத்தி செய்கிறது, துறைமுகப் பட்டணம் நுகர்கிறது. பால் போகும் வழியில் அன்னை இடைமறிக்கிறாள். இரண்டாம் நிகழ்வில் ஒருபடி மேலே சென்று, பட்டணத்துச் செல்வத்தையே சிற்றூர் நோக்கித் திருப்புகிறாள். அதற்கான ஆணையை, தன் காலில் நிற்கவும் முடியாதிருந்த ஒருவன் வாயில் வைக்கிறாள்.

காவிரிப் படுகையின் சமூக அமைப்பை அறிந்தவர்க்கு இதன் அழுத்தம் விளங்கும். நிலமுடைய மிராசுதாரிடம் பண்ணையாள் ஒருவர் போய் இன்னது செய்யுங்கள் என்று சொல்வது இப்பகுதியில் மிக அண்மைக்காலம் வரை எண்ணிப்பார்க்க முடியாத செயலாகவே இருந்தது. இதே நாகை வட்டாரத்தில் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டித் தரக் கேட்ட உழவுத் தொழிலாளர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து, 1968 டிசம்பர் 25 அன்று தலித் மக்கள் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கிறிஸ்து பிறப்பு நாளில் நடந்த அக்கொடுமைக்கும் தல மரபுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் கீழிருப்பவர் வாய்திறந்து மேலிருப்பவரிடம் கேட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அது காட்டுகிறது. அப்படிப்பட்ட மண்ணில், ஏழைச் சிறுவன் செல்வந்தர் வீட்டுக்குச் சென்று கோயில் கட்டச் சொன்னான், அவரும் கேட்டார் என்னும் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்திருப்பதை வெறும் பக்திப் புனைவு என்று ஒதுக்குவது ஆய்வாகாது.

குணமடைதல் நிகழும் இடமும் கருதத்தக்கது. சிறுவன் குணம் கேட்கவில்லை. அன்னையும் குணமாக்குகிறேன் என்று சொல்லவில்லை. முதலில் அவனிடம் பணி ஒப்படைக்கப்படுகிறது. நடக்க முடியாதவன் என்று தெரிந்தே அவனை அனுப்புகிறாள். அனுப்பப்பட்டதன் உள்ளடக்கமாகவே கால் நேராகிறது. உடல்நலம் இங்குத் தகுதிக்கு முன்நிபந்தனையாக வைக்கப்படவில்லை. அவன் தூதனாவது நடக்க இயலாத நிலையிலேயே. ஆரோக்கிய அன்னை என்னும் பெயர் இந்நிகழ்வையொட்டியே தலத்துக்கு வந்தது என்று மரபு சொல்வதும் இதனால் பொருளுடையதாகிறது.

இங்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. லிஸ்பன் நகரில் 1569-இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து, 1570 முதல் ஆரோக்கிய அன்னையின் பெயரில் பவனி நடந்துவந்தது. போர்த்துகீசியர் சென்ற கரைகளில் அப்பெயரில் கோயில்களும் எழுந்தன. வேளாங்கண்ணியின் பெயரும் அவ்வாறு வந்திறங்கியதாக இருக்கக்கூடாதா? இருக்கலாம். பெயர் கடல் கடந்து வந்திருக்க வாய்ப்புண்டு என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் லிஸ்பனிலும், 1630-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது அதே பொருளுடைய பெயரில் கோயில் நேர்ந்துகொண்ட வெனிசிலும், நோயிலிருந்து காக்கப்பட்டது ஒரு நகரம்; வேண்டிக்கொண்டவர்கள் நகரத்தின் ஆட்சியாளரும் குடிகளும். வேளாங்கண்ணி மரபு அப்பெயரை எடுத்து, எந்த நகரத்தின் கணக்கிலும் வராத ஒரு சிறுவனின் காலோடு பிணைத்தது. வேண்டுதலே இல்லாமல் குணம் வருகிறது என்பதும் அந்நகர மரபுகளில் காணாத வேறுபாடு. பெயர் இரவலாயினும் அதற்குப் பொருள் தந்தது இக்கரையே. 1658-இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியபின் போர்த்துகீசிய ஆதரவு அத்துறைமுகத்தில் அற்றுப்போனது. ஆயினும் தலம் நிலைத்து, 1771-இல் தனிப்பங்காகும் அளவுக்கு வளர்ந்தது. கப்பலின் நினைவு மட்டும் அதைத் தாங்கியிருக்க முடியாது.

இந்நிகழ்வுகள் காலத்தால் பிந்தியே எழுத்தில் ஏறின என்னும் மறுப்பு நெடிது விவாதிக்கத்தக்கதன்று: கப்பல் நிகழ்வும் அதே வாய்மொழி மரபின் வழியாகவே வந்தது, ஒன்றை வரலாறாகவும் மற்றதைக் கதையாகவும் பிரிப்பதற்கு ஆய்வாளரின் விருப்பத்தைத் தவிர அடிப்படையில்லை. அம்மன் வழிபாடே வேறு பெயரில் தொடர்கிறது என்பாரும் உளர். மொட்டையடித்தல், காவியுடை, நேர்த்திக்கடன் ஆகியவற்றில் ஒப்புமை வெளிப்படையானது. ஆனால் சடங்கின் ஒப்புமை, செய்தியை யார் யாருக்குச் சொன்னார் என்னும் கேள்விக்கு விடையாகாது.

படுகையின் வடவெல்லையில், கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள ஏலாக்குறிச்சியோடு ஒப்பிட்டால் வேளாங்கண்ணியின் தனித்தன்மை மேலும் தெளியும். வீரமாமுனிவர் (1680–1747) திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகமும் பாடிய அவ்வூரில் மரியன்னை அடைக்கல மாதா. தஞ்சை அரசின் எல்லைக்குள் துன்புறுத்தப்பட்டோர் ஆற்றைக் கடந்து அங்குத் தஞ்சம் புகுந்தனர். அங்கு அன்னை வலிமையுள்ளவள், வந்தோரைக் காக்கிறாள். இரண்டும் இரக்கமே. ஆயினும் காக்கும் இரக்கத்தில் எளியவர் பெறுபவராகவே இருக்கிறார். நடுத்திட்டில் அவர் தருபவராகவும் அனுப்பப்படுபவராகவும் ஆகிறார். லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் மரியா பாடும் புகழ்ப்பாடலில் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதை, ஆறாம் பவுல் 1974-இல் வெளியிட்ட மரியன்னை வணக்கம் பற்றிய ஊக்கவுரையிலும், இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் எழுதிய மீட்பரின் தாய் என்னும் சுற்றுமடலிலும் வலியுறுத்தினர். பின்னது, ஏழையர்பால் திருச்சபை கொள்ள வேண்டிய முன்னுரிமை அன்பை அப்பாடலிலிருந்தே வருவிக்கிறது. மோர் விற்ற சிறுவனின் நிகழ்வு அதே பாடலைக் காவிரிக் கடைமடையில் நடத்திக்காட்டுகிறது என்று கொள்வதில் தவறில்லை.

செல்வந்தர் முன்பே கனவு கண்டிருந்தார் என்பதால் சிறுவனின் சொல் தேவையற்றதாகிறது என்று வாதிடப்படலாம். மரபின் ஓட்டம் வேறு. கனவு கண்டவர் விடிந்ததும் கோயில் கட்டப் புறப்படவில்லை. இடமும் அவருக்குத் தெரியாது. சிறுவன் வந்து சொன்னபின்னரே, அவன் காட்டிய இடத்தில் கட்டுகிறார். வசதியுள்ளவரின் அகத்தில் எழும் அருளுணர்வு எளியவரின் வாய்ச்சொல்லால் உறுதிப்படும் வரை செயலாவதில்லை என்றே நிகழ்வு அமைந்திருக்கிறது.

1952-இல் தோன்றிய தஞ்சை மறைமாவட்டத்தின் பெரும்பேறாக விளங்கும் இத்தலம், 1962-இல் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தை சிறப்புரிமை அளித்த பெருங்கோயிலாக, உயர்த்தப்பட்டது. அன்னதானமும் மருத்துவ உதவியும் இத்தகைய தலத்துக்கு இன்றியமையாதவை. ஆனால் அவை ஏலாக்குறிச்சியின் இரக்கத்தைச் சார்ந்தவை. தமிழகப் பங்குகள் சிலவற்றில் கல்லறை மதில்களும் தேர்ப் பவனி செல்லும் தெருக்களும் சாதியால் பிரிக்கப்பட்டிருப்பதை இன்றளவும் தலித் கிறித்தவர்கள் எதிர்த்துவருகின்றனர். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையும் திருச்சபைக்குள் நிலவும் இப்பாகுபாட்டை ஒப்புக்கொள்கிறது. பவனியின் வழியை, கல்லறையின் எல்லையை, பங்கின் செலவைத் தீர்மானிக்கும் அவையில் மோர்ப் பானைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் சொல் ஆணையாக ஏற்கப்படாதவரை, நடுத்திட்டுச் சிற்றாலயத்தில் அந்நிகழ்வைக் கொண்டாடுவோர் அதன் பாதியை மட்டுமே ஏற்றிருக்கிறார்கள். அன்னை கேட்ட மோரை நினைவில் வைத்துக்கொண்டு, அவள் அனுப்பிய ஆளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.