குதிரை லத்தியும் கண்ணாடி மணியும்: பாரிஸின் குளிர்காலத் தோட்டங்கள்

கடுங்குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் காய்கறி விளைவிப்பது என்றதும் நம் மனத்தில் எழுவது கண்ணாடிச் சுவர்கள் கொண்ட பசுமைக்குடிலின் சித்திரமே. ஆனால் கண்ணாடி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வந்த வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. சூரியன் தாழ்ந்து நகரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதே அடிப்படைக் கேள்வி. பசுமைக்குடிலின் வரலாற்றை, இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடைகளின் வரலாறாக வாசிக்க இயலும்.

ரோமப் பேரரசர் திபேரியஸ் வெள்ளரி வகைக் காய் ஒன்றின் மீது பெருவிருப்பம் கொண்டிருந்தார் என்றும், அவருக்காகச் சக்கரம் பொருத்திய பாத்திகளை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்திச் சென்றார்கள் என்றும், குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளால் அவற்றை மூடினார்கள் என்றும் முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி குறிப்பிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னருக்காக வெர்சாய் அரண்மனையின் காய்கறித் தோட்டத்தை (1678–1683) அமைத்த லா கின்டினி, அரண்மனை லாயங்களின் குதிரை லத்தியையும் கண்ணாடி மூடிகளையும் கொண்டு, பருவம் வருமுன்னரே தண்ணீர்விட்டான் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்பாரகஸ் தண்டுகளை மன்னரின் மேசைக்கு அனுப்பினார். இரண்டிலும் நுட்பம் உண்டு. ஆனால் இரண்டுமே ஒரே ஒரு மேசைக்கான விளைச்சல்.

அந்த நுட்பம் அரண்மனைச் சுவரைக் கடந்து ஒரு நகரத்தின் உணவாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில். அதைச் செய்தவர்கள் 'மரைஷே' எனப்பட்ட காய்கறித் தோட்டக்காரர்கள். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அன்றைய பாரிஸின் போக்குவரத்து முழுவதும் குதிரைகளை நம்பியிருந்தது. லாயங்களில் நாள்தோறும் குவிந்த லத்தியும் வைக்கோலும் நகரத்துக்குச் சுமை. தோட்டக்காரருக்கோ அதுவே எரிபொருள். புதிய லத்தியை வைக்கோலோடு சேர்த்து அடுக்கி மிதித்தால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிப்படும். முதல் சில நாட்களின் சூடு வேரைக் கருக்கிவிடும். அது தணியும்வரை காத்திருந்து, பிறகு மேலே மட்கிய மண்ணைப் பரப்பி விதைப்பார்கள். இதமான வெதுவெதுப்பு சில வாரங்கள் நீடிக்கும். பாத்தியின் மேல் கண்ணாடிச் சட்டங்கள், அல்லது மணி வடிவக் கண்ணாடி மூடிகள். பகலில் வெயில் ஏறினால் மூடியின் ஒரு விளிம்பைக் கட்டையால் தூக்கிக் காற்றோட்டம் தர வேண்டும். மாலையில் இறக்கி, வைக்கோல் பாயால் போர்த்த வேண்டும். வெப்பம் தீர்ந்த லத்தி வீணாவதில்லை. அதுவே மறு பருவத்தின் மட்கிய மண்.

இந்த முறையை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யப் புவியியலாளரும் அரசின்மைச் சிந்தனையாளருமான பீட்டர் குரோபோட்கின். 1899இல் வெளியான 'வயல்கள், தொழிற்சாலைகள், பட்டறைகள்' என்ற நூலில், போன்ஸ் என்ற தோட்டக்காரரின் கணக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். 2.7 ஏக்கர் நிலம், எட்டுப் பேரின் உழைப்பு, ஆண்டுக்குச் சுமார் 2,50,000 பவுண்டு காய்கறி. நமது கணக்கில் நூறு டன்னுக்கும் மேல். மண்ணைப் பற்றி அவர் தரும் செய்தி இன்னும் வியப்பானது. குத்தகையை விட்டு வெளியேறும் தோட்டக்காரர், குறிப்பிட்ட ஆழம் வரையிலான மேல்மண்ணைத் தம்மோடு அள்ளிச் செல்லலாம் என்பது அங்கே ஒப்பந்தத்தில் வழக்கமான ஒரு விதி. நிலம் உடைமையாளருடையது, ஆனால் மண் உழைத்தவர் உண்டாக்கியது என்பதைச் சட்ட மொழியே ஏற்றுக்கொண்ட அரிய தருணம் இது. நிலமும் மண்ணும் ஒன்றல்ல என்று வேறெங்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை என்றே தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை? 1860இல் பாரிஸ் தன் புறநகர்களை இணைத்துக்கொண்டு விரிந்தது. தோட்டங்கள் வெளியே தள்ளப்பட்டன. ரயில் வண்டிகள் தெற்கின் வெயிலில் விளைந்த காய்களை மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தன. இறுதி அடி மோட்டார் வண்டியால் விழுந்தது. 1913இல் பாரிஸின் கடைசிக் குதிரை ஆம்னிபஸ் ஓடி முடிந்தது. குதிரை போனபோது லத்தியும் போனது. லத்தியோடு குளிர்காலத்தின் வெப்பமும் போனது. தோட்டக்காரரின் அறிவில் குறை ஏதும் இல்லை. அந்த அறிவு எதன்மீது நின்றதோ, அது அவர் கையில் இல்லை.

இங்கே நாம் ஏக்கத்துக்கு இடம் கொடுத்துவிடலாகாது. மரைஷேயின் உழைப்பு இடைவெளியற்றது; பனி இறங்கும் இரவில் பாய் போர்த்த ஒருவர் எழுந்தே ஆக வேண்டும். தவிர, அந்தச் சுழற்சி தோட்டத்துக்குள் முழுமையடையவும் இல்லை. குதிரை தின்ற ஓட்ஸும் உலர்புல்லும் எங்கோ தொலைவிலுள்ள வயல்களில் விளைந்தவை. 2.7 ஏக்கரின் வளத்துக்குப் பின்னால் கணக்கில் வராத பல ஏக்கர்கள் இருந்தன. நீடித்த வேளாண்மை என்று நாம் எதையேனும் போற்றும்போது, வட்டத்தை எங்கே வரைகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அதன்பின் வந்த விடைகள் மண்ணுக்கடியிலிருந்து வந்தன. கெர்ன்சி தீவின் கண்ணாடிக் குடில்களை நிலக்கரி சூடாக்கியது. நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கன் எரிவாயு வயல் கண்டறியப்பட்டபின், மலிவான வாயு அந்நாட்டின் குடில்களை வளர்த்தது. 2022இல் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது, அங்கே பலர் நடவைத் தள்ளிப்போட்டார்கள். சிலர் குடில்களைக் காலியாகவே விட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் குதிரை போனதன் மறுபதிப்பே இது.

வேறு விடைகளும் இல்லாமலில்லை. ஐஸ்லாந்தில் 1924 முதல் பூமியின் வெந்நீரே குடில்களைச் சூடாக்குகிறது. ஆனால் எரிமலை எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. வடசீனாவின் லியாவ்னிங் பகுதியில் 1980களில் பரவிய குடில்கள் இன்னும் எளியவை. வடக்கே தடித்த மண்சுவர், தெற்கே சரிந்த பிளாஸ்டிக் கூரை. பகல் வெயிலைச் சுவர் உள்வாங்கிக்கொள்ளும். இரவில் கூரையை வைக்கோல் பாயால் போர்த்துவார்கள். வெளியே உறைபனிக்கும் பல பாகை கீழே இருக்கையில், அடுப்பே மூட்டாமல் உள்ளே வெள்ளரி காய்க்கிறது. பிளாஸ்டிக் கழிவு அதன் குறை. எனினும் வெப்பத்தை எங்கிருந்தும் வாங்க வேண்டியதில்லை என்பது சிறிய செய்தியன்று.

மாலையில் பாய் போர்த்தும் அந்தச் செயல் பாரிஸிலும் லியாவ்னிங்கிலும் ஒன்றே. ஒருவர் போர்த்தியது நகரம் கழித்துத் தந்த சூட்டை. மற்றவர் போர்த்துவது அன்றைய பகலின் சூட்டை. முன்னதை வரலாறு பறித்துக்கொண்டது. பின்னதைப் பறிப்பது அவ்வளவு எளிதல்ல.