வானம் பார்த்த பூமியும் விண்மீன் கணக்கரும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலத்தை 'வானம் பார்த்த பூமி' என்கிறோம். பருத்தியும் கம்பும் உளுந்தும் இங்கே மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. மேகம் தேடி அண்ணாந்து பார்ப்பது நம் மக்களின் பரம்பரைப் பழக்கம். அதே வானத்தை, மேகமற்ற இரவுகளில், ஊதியம் கருதாது ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்து வைத்த சிலரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

விண்மீன்கள் என்றும் மாறாத ஒளியுடையவை என்றே மேலைநாட்டு அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1596-இல் டேவிட் ஃபாப்ரீசியுஸ் என்னும் புரொட்டஸ்டாண்டுப் போதகர், விண்மீன் ஒன்று ஒளிர்ந்து பின் மங்கி மறைவதைக் கண்டார். 'மீரா' எனப் பின்னர் பெயர் பெற்ற அது, ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைகிறது. இத்தகையவற்றை மாறொளி விண்மீன்கள் என்கின்றனர். ஒளி மாறும் விதத்தைக் கொண்டு ஒரு விண்மீனின் இயல்பையும், சிலவற்றின் தொலைவையும் கணிக்க முடிகிறது.

ஆனால் இதற்கு ஓர் இரவுப் பார்வை போதாது. பெரிய வானாய்வகங்களின் தொலைநோக்கிகளோ பல பணிகளுக்குப் பங்கிடப்படுபவை. ஒரே விண்மீனை ஆண்டு முழுவதும் காவல் காக்க அவற்றுக்கு நேரமில்லை. அந்தக் காவற்பணியை ஏற்றவர்கள் ஆர்வலர்களே. ஒளியளவு தெரிந்த இரு விண்மீன்களுக்கு இடையே மாறொளி விண்மீனை வைத்து ஒப்பிட்டு, அளவையும் நேரத்தையும் எழுதி வைப்பதே அவர்கள் முறை. இயேசு சபைக் குருவும், 1906 முதல் 1930 வரை வத்திக்கான் வானாய்வகத் தலைவராய் இருந்தவருமான யோகான் ஹாகன் அடிகளார், இப்பணிக்கு உதவும் விண்மீன் வரைபடங்களைத் தொகுத்தளித்தார். 1911-இல் வில்லியம் டைலர் ஓல்காட் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால் அமெரிக்காவில் மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் தோன்றியது.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராய்ப் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் தென்வானத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அவருக்கு அது தொழில். தொழிலாக அன்றி, அன்பினால் மட்டுமே இதைச் செய்தவர் வங்காளத்து இராதா கோவிந்த சந்திரர்.

1878-இல் ஜெசூர் மாவட்டத்துப் பக்சார் சிற்றூரில் பிறந்த அவர், பள்ளி இறுதித் தேர்வில் தேற இயலாதவர். அரசுக் கருவூலத்தில் நாணயங்களைப் பரிசோதிக்கும் எளிய வேலையே அவருக்குக் கிடைத்தது. 1910-இல் ஹாலி வால்மீனைக் கண்டபின் அவருடைய ஆர்வம் வளர்ந்தது. இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918-இல் கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்விட்ட புதுமீனைத் தாமாகவே கண்டு ஹார்வர்டு வானாய்வகத்திற்கு எழுதினார். அதன் பயனாய் அமெரிக்கச் சங்கத்தில் இணைந்தார். அமெரிக்காவில் பகலாயிருக்கும் வேளை வங்காளத்தில் இரவு. ஆதலால் அங்குள்ளோர் காண முடியாத நேரத்தை இவர் நிரப்பினார். 1926-இல் அச்சங்கம் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கியொன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகளில் அவர் அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேல்.

நாட்டுப் பிரிவினையால் ஜெசூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பிறந்த மண்ணை விட்டு மேற்கு வங்கத்துப் பாராசாத்தில் குடியேறிய நிலையிலும் அவர் கணக்கெழுதுவதை நிறுத்தவில்லை. முதுமையில் ஓய்ந்தபோது, அத்தொலைநோக்கி வானியலறிஞர் வைணு பாப்புவிடம் சேர்ந்தது. பின்னர் நம் தமிழகத்து ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கே வந்தடைந்தது. 1975-இல் வறுமைக்கிடையே சந்திரர் மறைந்தார். தொலைவிலிருந்தவர்கள் அறிந்து போற்றிய அளவுக்கு அருகிலிருந்தவர்கள் அவரை அறியவில்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம் கரிசல் ஊர்களில் பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையைத் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டு, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பொறுமையையும் உண்மையையும் எந்த வினாத்தாள் அளந்தது? சந்திரரிடம் இருந்தவை அவ்விரண்டுமே. கண்டதைக் கண்டபடி எழுதினார், காணாததை எழுதவில்லை. அதனாலேயே, அவரை ஒருநாளும் நேரில் பாராத அறிஞர்கள் அவர் எண்களை நம்பினார்கள்.

தானியங்கிக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் இப்பணி ஓயவில்லை. ஹப்பிள் விண்தொலைநோக்கியைச் சில விண்மீன்கள் நோக்கித் திருப்புமுன், அவை திடீரெனப் பொங்கிக் கருவியைக் கெடுத்துவிடாதபடி ஆர்வலர்களே முன்கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் நம் திருவாதிரை மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காய்க் குறைந்தபோதும் அவர்களின் பதிவுகள் பெரிதும் உதவின.

திருவாதிரையைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. மார்கழி இரவில் மொட்டை மாடியில் நின்று, அது ரோகிணியைவிட ஒளி மிக்கதா, குறைந்ததா எனப் பார்த்து, நாளும் நேரமும் குறித்து ஒரு நோட்டில் எழுதலாம். பத்து நாளுக்கொருமுறை பார்த்தாலும் போதும். நம் பங்கு இளைஞர்களில் யாரேனும் ஒருவர் அப்படி எழுதத் தொடங்கினால், அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, அதன் அருமையை அவருக்கு எடுத்துச் சொல்பவர்களாக நாம் இருப்போம்.