வெளக்கெண்ணெயும் ஆயிரம் அடி ஓட்டமும்

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தன் கொஞ்சம் மந்தமா இருந்தா, "போடா வெளக்கெண்ண"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா ஒரு காலத்துல உலகத்தின் அதிவேக இன்ஜின்களுக்குள்ள ஊத்தினது சாட்சாத் அதே வெளக்கெண்ணெய்தான். இந்த வசவை இனிமே கொஞ்சம் யோசிச்சுத் திட்டணும் :-)

விஷயம் டிராக் ரேஸ் பற்றியது. ஓடுதளம்னு அர்த்தம் வர்ற ட்ராக் இல்லீங்க. ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நின்னு, விளக்கு எரிஞ்சதும் நேர்கோட்டில் சீறிப் பாயும் பந்தயம். வளைவு கிடையாது. கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். அமெரிக்காவில் இதன் உச்சப் பிரிவான டாப் ஃப்யூவலில், 2008-ல் ஒரு வீரர் இறந்த பிறகு, தூரத்தை 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். நாலு வினாடி கூட ஆகாது, முடிஞ்சிடும். நம்ம ஊர்ல இது பெரும்பாலும் பைக் பந்தயம்தான். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும். அதுக்கு முன்னாடி சென்னைக்காரர்களின் பந்தயக் கனவெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஓடியது.

அந்த டாப் ஃப்யூவல் இன்ஜின் தலையில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் சூப்பர்சார்ஜர். சாதாரண இன்ஜின் காத்தைத் தானா இழுத்துக்கும். இதுல காத்தை வலுக்கட்டாயமா உள்ளே திணிப்பாங்க. காத்து கூடினா எரிபொருளும் கூடுதலா எரியும், சக்தியும் கூடும். இந்தப் பெட்டி பிறந்த இடம்தான் ராஜபாளையத்துக்காரனான எனக்குச் சுவாரசியம். ஒரு மில்லுல பிறந்தது!

அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கம்பளி மில் நடத்தினாங்க. மில்லை ஓட்ட நல்ல நீர்ச்சக்கரம் ஒண்ணு செய்யப் பார்த்தாங்க. மரத்தால செஞ்ச சுழலிகள் தண்ணியில ஊறி உப்பி இறுகிப் போச்சு. வெளியே எடுத்துச் சுத்திப் பார்த்தப்போ அடிச்ச காத்துல மேஸ்திரியோட தொப்பி பறந்துச்சுன்னு கதையாச் சொல்வாங்க. தொப்பி பறந்ததோ இல்லையோ, 1860-ல் காப்புரிமை வாங்கினது நிஜம். அது இரும்பு உருக்கும் உலைக்கும் சுரங்கத்துக்கும் காத்து ஊதப் போச்சு. 1938-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட 71 வரிசை டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்ல அதை வச்சுது. பஸ்ஸு, லாரி, போர்க்காலத்துப் படகுன்னு எல்லாத்துலயும் அந்த இன்ஜின். போர் முடிஞ்சதும் பழைய இரும்புக் கடைக்கு வந்ததை எடுத்து, அமெரிக்கப் பசங்க தங்க கார் மேல மாட்டிக்கிட்டாங்க. டிராக் ரேஸ் சூப்பர்சார்ஜரோட வம்சாவளி இவ்வளவுதான். ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கினது. நம்ம ஊர்லயும் எத்தனையோ மில் முதலாளிகள் மெஷினை நோண்டியிருப்பாங்க, தொப்பி போடாததால பறக்கல போல.

சரி, எண்ணெய்க்கு வருவோம். மில்லுல ஸ்பிண்டில் பார்த்திருப்பீங்க. நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்துக்கு மேல சுத்தும், ஆனா சுமை அதிகம் இல்ல. அதுக்குத் தண்ணி மாதிரி மெல்லிசான ஸ்பிண்டில் ஆயில் போதும். கெட்டியா ஊத்தினா எண்ணெயைக் கலக்கவே கரண்டு செலவாகும். இதுக்கு நேர் எதிர், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மூட்டை ஏத்திப் போன மாட்டு வண்டி. வேகம் இல்ல, ஆனா அச்சுல பாரம் அமுக்கும். அதுக்கு வைக்கோல் கரியை வெளக்கெண்ணெயில குழைச்ச வண்டி மை. மூங்கில் குழாய்ல வச்சிருப்பாங்க. மெல்லிசு எண்ணெய் போட்டா பாரம் அதைப் பிதுக்கி வெளியே தள்ளிடும், மரமும் இரும்பும் உரசும்.

பந்தய இன்ஜின் ரெண்டு தொல்லையையும் சேர்த்து வச்சுக்கிட்ட ஜென்மம். சுத்தும் வேகமும் உண்டு, பாரமும் உண்டு. வெளக்கெண்ணெய்க்கு ஒரு குணம், உலோகத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், சூட்டுலயும் விடாது. 1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கின கம்பெனி, 1909-ல் வெளக்கெண்ணெய் கலந்த ஆயிலுக்கு வச்ச பெயர்தான் காஸ்ட்ரால். ஆமணக்கோட ஆங்கிலப் பெயரான காஸ்டர்லேர்ந்து வந்தது. முதல் உலகப் போர்ல ரோட்டரி விமான இன்ஜின்களுக்கு இதுதான் ஆயில், ஏன்னா பெட்ரோல்ல லேசில் கரையாது. இன்ஜின் கக்கின ஆவி பைலட் மூஞ்சியிலேயே அடிக்கும். வயித்துக்கு என்ன ஆகியிருக்கும்னு நம்ம பாட்டிமாரைக் கேட்டாத் தெரியும். தட்டுப்பாடு வந்தப்போ அமெரிக்க அரசாங்கம் இந்தியாவிலேர்ந்து ஆமணக்கு விதை தருவிச்சு ஃப்ளோரிடா பக்கம் பயிர் பண்ண வச்சுது.

இதை வச்சு "அன்றே சொன்னான் தமிழன்"னு கிளம்பிடாதீங்க. பழைய எகிப்துக்காரனும் ஆமணக்கு எண்ணெயிலதான் விளக்கு எரிச்சான். ஆனா ஒண்ணு, உலகச் சந்தைக்குப் போற வெளக்கெண்ணெயில பெரும்பகுதி இன்னைக்கும் இந்தியாவோடதுதான், குறிப்பா குஜராத். நம்ம பங்குக்குச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கு.

1930-களில் சூப்பர்சார்ஜர் வச்ச கிராண்ட் பிரீ கார்கள் ஆல்கஹால் எரிபொருளுக்கு மாறினப்போ வெளக்கெண்ணெய் மவுசு இன்னும் கூடுச்சு. மெத்தனால் தரையிலேர்ந்து எடுக்கிற எண்ணெயோட சேராது, இதோட சேரும். ஆனா குறையும் உண்டு. சும்மா விட்டா பிசின் மாதிரி ஒட்டிக்கும், பந்தயம் முடிஞ்ச கையோட வடிச்சு எடுத்திடணும்.

இன்றைய டாப் ஃப்யூவல்ல அது இல்ல. நைட்ரோமீத்தேன் சுமார் 90 சதம், ஒரு ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட 50 லிட்டர். எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங் தாண்டி ஆயில்ல இறங்கி அதை நீர்த்துப்போக வைக்கும். அதனாலதான் எஸ்.ஏ.இ. 70-ன்னு நாம பார்த்திராத கெட்டி ஆயில். அதையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாத்துவாங்க. சில வினாடிக்கு ஒரு ஆயில் சேஞ்ச்! நம்மாளு டீக்கடையில அதைக் கேட்டா மயங்கி விழுவாரு.

ப்ளக்கு இதைவிடப் பரிதாபம். முனைச் சூடு கிட்டத்தட்ட 500-லேர்ந்து 850 டிகிரிக்குள்ள இருக்கணும். குறைஞ்சா கரி பிடிக்கும், கூடினா ப்ளக்கே நெருப்புத் துண்டாகி நேரங்கெட்ட நேரத்துல பத்த வைக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்குச் சூட்டைச் சீக்கிரம் கடத்துற குளிர் ப்ளக்கு வேணும். அழுத்தம் கூடினா பொறி தாண்டுறது கஷ்டம், அதனால இடைவெளியையும் குறைப்பாங்க. குளிர் ப்ளக்கு ஸ்டார்ட்டாகையில கரி பிடிக்கும். அதனால அந்தக் கால கிராண்ட் பிரீ கார்ல சூடு ப்ளக்கு போட்டு இன்ஜினைச் சூடாக்கி, கிளம்புறதுக்கு முன்னாடி கழட்டிக் குளிர் ப்ளக்கு மாட்டுவாங்க. டாப் ஃப்யூவல்ல சிலிண்டருக்கு ரெண்டு, மொத்தம் பதினாறு ப்ளக்கு. பாதி தூரத்துலயே முனை எரிஞ்சு போயிடும். அப்புறம் இன்ஜின் தன் சூட்டுலயே ஓடும், எரிபொருளை நிறுத்தினாத்தான் நிக்கும்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் ப்ளக்கைக் கழட்டினதும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாரு. கறுப்பா இருந்தா எண்ணெயோ பெட்ரோலோ அதிகம், வெளுத்திருந்தா சூடு அதிகம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நிறத்துல இருந்தா கையைத் துடைச்சிட்டு டீ சொல்லிடுவாரு.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் மளிகைக் கடை வெளக்கெண்ணெயை பைக்குல ஊத்தாதீங்க. ப்ளக்கு நம்பரிலும் ஜாக்கிரதை. என்.ஜி.கே.ல நம்பர் கூடினா குளிர், இப்போதைய பாஷ்ல நம்பர் கூடினா சூடு. பழைய பாஷ் நம்பர் அதுக்கும் தலைகீழ், 225 போட்டது 175-ஐ விடக் குளிர். பழைய வண்டிக்காரங்க பெட்டியைப் பார்த்து வாங்காம, பட்டியலைப் பார்த்து வாங்குங்க.