திருச்சிராப்பள்ளியும் யாக்கையாகிய அரணும்

மக்கட்கு அரண் இருவகைத்து. மலையும் மதிலும் அகழியும் ஆகியன புறவரண். உயிரைச் சூழ்ந்து நிற்கும் யாக்கை அகவரண். திருச்சிராப்பள்ளிக் குன்றம் முன்னதற்குப் பெயர்பெற்றது. ஆயினும் புறவரண் நிலையாதென்பதை அவ்வூர் வரலாறே காட்டும். அதன் அயலதாகிய திருவரங்கம் 1323ஆம் ஆண்டில் தில்லிப் படையாற் சூறையாடப்பட்டது. நாயக்க அரசி மீனாட்சி ஆண்ட கோட்டை, 1736ஆம் ஆண்டையொட்டிச் சந்தா சாகிபு வசமாயிற்று. அவனும் 1752இல் திருவரங்கத் தீவில் வளைக்கப்பட்டுப் பின்னர்க் கொலையுண்டான். மதில் தன்னுள் இருந்தாரைக் காவாத இவ்வூரிலே, யாக்கையை உயிர்க்கு அரணாகக் கொள்ளும் நெறி தழைத்தமை கருதத்தக்கது.

குன்றின் மேலைக் குடைவரை, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்ததாகும். குணபரன் என்னும் அவ்வேந்தன் மாற்று நெறியினின்றும் இலிங்கத்தின்பால் திரும்பியதை, அங்குள்ள வடமொழிச் சாசனம் சிலேடையாற் குறிக்கின்றது. இதனைத் திருநாவுக்கரசர் வரலாற்றோடு இயைத்துக் காண்பர் ஆராய்ச்சியாளர். அரசரைச் சமண் பாழியினின்றும் பெயர்த்துத் திலகவதியாரிடத்தும், அவர்வழித் திருவதிகை வீரட்டானத்தும் சேர்த்தது யாது? நூலாராய்ச்சியன்று, வயிற்றிற் பற்றிய சூலையே. நோய், அரணின் வாயிலில் நின்று ஆபத்தை அறிவிக்கும் காவலன் போல்வது. உடல் வருந்தாதிருந்தால் உயிர் விழித்திராது. அவ்வரசரே பின்னர்ச் சிராப்பள்ளியையும் பாடிப் பரவினர்.

காலம் பல கழிந்தபின், அம்மலையைச் சார்ந்து விளங்கிய மௌனகுருவிடம் தாயுமானவர் உபதேசம் பெற்றனர். அவர் விசயரங்க சொக்கநாத நாயக்கனிடம் (1706–1732) அலுவல் பார்த்தவர் என்பது மரபுவழிச் செய்தி. மௌனகுரு திருமூலர் மரபினர். துறவை நாடிய மாணாக்கரை உடனே துறவுபூணச் செய்யாது, சும்மாயிருக்கக் கற்பித்து, இல்லறத்தில் நிற்குமாறு பணித்தனர் என்ப. யாக்கையையும் அதன் கடமையையும் காலத்திற்கு முன் உதறுதல் தகாதென்பது அக்கட்டளையின் கருத்தாதல் கூடும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தாயுமானவர் எந்நாட்கண்ணியில் யாக்கையைப் பழித்தல் என ஒரு பகுதி உளது. உடல் பொய்யுறவு என்பதும் அவர் பதிகத்தொன்றன் பெயர். திருமூலரும் முதற்றந்திரத்தில் யாக்கை நிலையாமையைக் கூறி, மூன்றாந்தந்திரத்தில் காயசித்தி உபாயத்தை வகுத்தனர். பழிக்கப்படுவதைப் பேணுதல் யாங்ஙனம்?

சித்தாந்தம் இதற்கு விடை தரும். தனு கரணங்கள் மாயையினின்றும் தோன்றுவன. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு, விடியுமளவும் உதவும் விளக்கே மாயை. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் உயிரைப் போர்த்தலாற் கஞ்சுகம் எனப்பட்டன, கஞ்சுகமாவது சட்டை. அவற்றுள் கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் விளக்கும். எனவே இப்போர்வை உயிரை மறைப்பதற்கன்று, ஆணவத்தின் மறைப்பைச் சிறிது நீக்குதற்கே அமைந்தது. மனத்தின் தளர்ச்சிக்கும் காப்பு இவ்வுடம்பினுள்ளேயே உண்டு. மூச்சை நெறிப்படுத்தின் மனம் நெறிப்படுமென்பது யோகநூற் றுணிபு. அச்சம் வந்துழி மூச்சு விரைதலும், அது தணிந்துழி மனம் தெளிதலும் எவர்க்கும் அநுபவம்.

ஆயினும் விளக்கைப் பேணுவது விளக்கிற்காகவன்று. விடிந்தபின்னும் அதனையே பற்றி நிற்பானைப் பழிப்பதே யாக்கைப் பழிப்பு. விடியுமுன் அதனை அவிப்பானைத் தடுப்பதே காயசித்தி உபாயம். இரண்டும் ஒரு பொருளினவே.

திருவரங்கத் தீவின் கீழ்பாலுள்ள திருவானைக்காவில், இலிங்கத்தின்மேற் சருகு உதிராவண்ணம் ஒரு சிலந்தி தன் வாய்நூலாற் பந்தரிட்டது. அதனிடம் இருந்த பொருள் அதன் உடம்பொன்றே. யானை அப்பந்தரைச் சிதைத்தது. முடிவிற் சிலந்தியின் உடம்பும் வீழ்ந்தது. ஆயினும் அத்தொண்டு வீழாது, அது கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து பல திருக்கோயில்களை எடுப்பித்தது. உடம்பு தன்னைக் காத்தற்குத் தந்த கருவியாயினும், அதன் காவல் நிறைவுறுவது சிவனுக்கு ஆட்பட்ட வழியேயாம்.

திருச்சிற்றம்பலம்.