ஒளிரும் புள்ளியும் திசுவின் சான்றும்: பெட்-சிடி படிமத்தின் நோயறி எல்லைகள் – ஒரு வரலாற்று நோக்கு

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு) சுண்ணாம்புக்கல்லால் அறியப்பட்ட ஊர். 1970-இல் அங்குத் தொடங்கப்பெற்ற அரசுச் சிமெண்ட் ஆலையும், அதனையொட்டி நடைபெற்ற கல்நார்த் தகடு உற்பத்தியும், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலும் இப்பகுதியினரின் வாழ்வைத் தூசியோடும் மருந்துப்பொடியோடும் பிணைத்தன. காசநோயும் இம்மண்ணுக்குப் புதிதன்று. இத்தகைய ஊரிலிருந்து சென்ற ஒருவரின் நுரையீரலில் கட்டியொன்று தென்படுமாயின், மதுரையில் எடுக்கப்படும் பெட்-சிடி படிமம் எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பதற்கான விடை அக்கருவி பிறந்த வரலாற்றில் உள்ளது.

புற்றணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸைப் பெருமளவில் நொதிக்கச் செய்கின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டறிந்தார். ஆயினும், கதிரியக்க ஃபுளோரின் இணைத்த குளுக்கோஸான எஃப்.டி.ஜி. புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவாக்கி, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி, 1976 ஆகஸ்டில் அபாஸ் அலாவி குழுவினர் மனித உடலில் முதன்முதலாகச் செலுத்தியது மூளையின் குளுக்கோஸ் பயன்பாட்டை அறியவே. 1982-இல் டி கிரோ குழுவினர் மூளைக்கட்டிகளை இம்முறையில் ஆராய்ந்தனர். அதன் பின்னரே புற்றுநோயியலில் இதற்கு நிலையான இடம் கிடைத்தது. பயன்பாடு மாறினும் பொருள் மாறவில்லை. எஃப்.டி.ஜி. காட்டுவது குளுக்கோஸின் பசியையே. பசித்தவர் யார் என்பதையன்று.

பெட் படிமத்திற்கு மற்றொரு குறையும் இருந்தது. ஒளிரும் புள்ளி எவ்வுறுப்பில் உள்ளது என்பது தெளிவாகத் தெரியவில்லை. டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோர் வடிவமைத்து 1998-இல் பிட்ஸ்பர்க்கில் நிறுவப்பட்ட இணைப்புக் கருவி அக்குறையைப் பெரிதும் நீக்கியது. 'எங்கே' என்னும் வினாவுக்குச் சிடி விடையளித்தது. 'என்ன' என்னும் வினா அப்படியே நின்றது. இணைப்பே புதிய பிழையொன்றையும் கொணர்ந்தது: சிடி சில நொடிகளிலும் பெட் பல நிமிடங்களிலும் எடுக்கப்படுவதால், மூச்சின் அசைவில் நுரையீரல் அடிப்பகுதிக் கட்டியும் கல்லீரல் மேற்பகுதிக் கட்டியும் இடம் மாறித் தோன்றலாம்.

இங்குக் கவனிக்கத்தக்கது அளவுகோலின் பிறப்பிடம். 1990-களின் அமெரிக்க ஆய்வுகளில், எஃப்.டி.ஜி. ஏற்பு அளவு 2.5-ஐக் கடந்தால் புற்று என ஐயுறலாம் என்னும் வழக்கம் வேரூன்றியது. காசநோய் அருகிய மக்களிடையே அது ஓரளவு பொருந்தியது. ஆனால் 1992-இலேயே ஜப்பானின் குபோடா குழுவினர், சுண்டெலிக் கட்டிகளில் புற்றணுக்கள் மட்டுமன்றி அவற்றைச் சூழ்ந்த மேக்ரோஃபேஜ் அணுக்களும் எஃப்.டி.ஜி.யை மிகுதியாக ஏற்பதைக் காட்டியிருந்தனர். காசநோய் முடிச்சு அத்தகைய அணுக்களின் திரட்சியே. சிலிகாத் தூசியால் தடித்த நுரையீரலும், ஆறிவரும் தீக்காயமும் அவ்வாறே ஒளிரக்கூடும். கல்நாரோடு தொடர்புடைய மீசோதெலியோமா ஐயத்திலும், நுரையீரல் உறையின் காசநோய் அதே தோற்றம் தரலாம்.

இந்தியாவில் மும்பை கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் 2002-இல் மருத்துவச் சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. 2004-இல் டாடா நினைவு மருத்துவமனைக்குப் பெட்-சிடி வந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் நாட்டிற்குள் 2.5 என்னும் எண்ணும் உடன் வந்தது. அதன் விளைவை 2014-இல் ஜாமா இதழில் வெளிவந்த டெப்பன் குழுவினரின் தொகுப்பாய்வு அளந்து காட்டுகிறது. நுரையீரல் தொற்று மிகுந்த வட்டாரங்களில் பெட்டின் தனித்தறி திறன் 61 விழுக்காடு. பிற வட்டாரங்களில் 77. அதாவது, புற்றில்லாத நூறு கட்டிகளில் முன்னதில் 39, பின்னதில் 23 புற்றெனத் தவறாக ஒளிரும்.

எதிர்த்திசைப் பிழை குறைவாகவே பேசப்படுகிறது. கார்சினாய்டு, மெதுவாக வளரும் சில நுரையீரல் அடினோகார்சினோமா, சளிப்பொருள் மிகுந்த கட்டிகள் ஆகியவை மங்கலாகவே தோன்றும். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி தப்பிவிடும். கட்டுப்படாத நீரிழிவில், இரத்தத்தின் மிகுதிச் சர்க்கரை எஃப்.டி.ஜி.யோடு போட்டியிட்டுப் புற்றையும் மங்கச் செய்யும்.

தவறான ஒளிர்வின் விலை பெரிது. நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஒளிர்வதைப் பரவலெனக் கொண்டால், அறுவையால் குணமாகக்கூடிய நோயாளி அவ்வாய்ப்பை இழப்பார். அக்கணுவில் இருந்தது காசநோயாகவோ பழைய தூசியாகவோ இருக்கலாம். அதனால்தான், ஒளிரும் கணுவைத் திசுப் பரிசோதனையால் உறுதிசெய்யாமல் அறுவையை மறுக்கலாகாது எனப் பன்னாட்டு வழிகாட்டுநெறிகள் வலியுறுத்துகின்றன. ஊசி வழியே எடுக்கும் சிறு திசு, பல இலட்சம் அணுக்களின் ஒளிர்வை விட இங்கு நம்பத்தக்க சான்றாகும்.

ஒளிர்வைக் கொண்டே இவ்விரண்டையும் பிரிக்கும் முயற்சிகள் ஓயவில்லை. சற்று இடைவெளிவிட்டு இருமுறை படமெடுத்தால் புற்று மட்டுமே மேலும் ஒளிரும் என எதிர்பார்க்கப்பட்டது. காசநோய் முடிச்சுகளும் பல வேளைகளில் அவ்வாறே ஒளிர்ந்தன. 2018 முதல் ஹைடல்பெர்க் குழுவினர் வழி பரவிய எஃப்.ஏ.பி.ஐ. என்னும் புதிய சுவடுப்பொருள் குளுக்கோஸை நாடுவதில்லை. கட்டியைச் சூழ்ந்த நார்த்திசு அணுக்களில் அது தங்குகிறது. தழும்பேறிய நுரையீரலிலும் தங்குகிறது.