வெள்ளாற்று முகத்துவாரப் போரும் அதை எழுதி வைத்தவர்களும்

பிலவ வருடம் ஆனி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1781 ஜூலை 1. பரங்கிப்பேட்டைக்கும் முட்லூருக்கும் இடைப்பட்ட மணல்மேடுகளில் காலை தொடங்கிய பீரங்கி முழக்கம் பிற்பகல் வரை ஓயவில்லை. ஒரு பக்கம் சர் அயர் கூட் நடத்திவந்த கும்பினிப் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படை, ஏறத்தாழ எண்ணாயிரம் பேர். மறுபக்கம் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை. அதை நாற்பதாயிரம் என்பாரும் உண்டு, எண்பதாயிரம் என்பாரும் உண்டு. வென்றவன் எழுதும் கடிதத்தில் எதிரியின் தலைக்கணக்கு வளர்வது வழக்கம்தானே. ‘போர்ட்டோநோவோ’ என்ற பெயரில் இந்தச் சண்டை ஆங்கிலேயப் போர் வரலாற்றில் பக்கம் பக்கமாக இடம்பெற்றிருக்கிறது. ஊர்க்காரர்களிடம் கேட்டால் ‘ஐதர் கலாபம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே நாளைப் பற்றிய எழுத்து ஒரு பக்கம் மலையாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

போர்க்காலக் கடிதம், நாட்குறிப்பு என்றதும் உலகம் நினைப்பது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை. அங்கே சாதாரணச் சிப்பாய்க்கும் எழுதத் தெரிந்திருந்தது; தபால் ஒழுங்காக ஓடியது; கடிதங்களைப் பிரித்துப் படித்து அடிக்கும் தணிக்கை கிட்டத்தட்ட இல்லை. சல்லிவன் பல்லூ என்பவர் புல்ரன் சண்டைக்கு ஒரு வாரம் முன்பு மனைவிக்கு எழுதிய கடிதமும், தெற்குப் பக்கம் மேரி செஸ்நட் என்ற அம்மையார் எழுதிய நாட்குறிப்பும் இன்றும் படிக்கப்படுகின்றன. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் கூட்டின் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. எழுத்து அன்று அதிகாரி, துபாஷி (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்), கணக்கர், பாதிரியார் ஆகியோர் கையில் இருந்தது.

நம் கரையில் நடந்ததையும் உள்நாட்டுப் போர் என்று சொல்லலாமா? ஐதருக்கு முந்தைய சண்டைகளைப் பள்ளிப் புத்தகம் ‘கர்நாடகப் போர்கள்’ என்று எழுதி, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதாக முடித்துவிடும். ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு அன்வருத்தீன் குடும்பமும் சந்தா சாகிபு கூட்டமும் அடித்துக்கொண்டதுதான் வேர். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். 1752இல் திருச்சிராப்பள்ளியில் சந்தா சாகிபின் தலை போயிற்று. பாளையக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள், சிப்பாய்களும் அப்படியே. கும்பினிக்காக வாளெடுத்த யூசுப்கான் என்ற மருதநாயகத்தை அதே நவாபும் கும்பினியும் 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள். ஐதரோடு நடந்த மைசூர்ப் போரை இதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். வெளியாட்கள் வந்து எண்ணெய் ஊற்றிய வீட்டுச் சண்டை அது.

இந்தக் காலத்துக்குத் தமிழில் கிடைத்த பெரிய சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. அவருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் உள்ள உறவை நம்மவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்குப் போனவர் அவர். இளைஞராக இருந்தபோதே ஆளுநர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலைக்குப் பொறுப்பாளராக்கினார். தம் சொந்தப் பணத்தில் லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் வணிகக் கிடங்குகள் திறந்தார். பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாஷியாகி அரசியலின் நடுவில் உட்கார்ந்தவருக்கு வியாபாரக் கண் பழகிய இடங்களில் ஒன்று நம் ஊர்.

அந்தக் கண்தான் நாட்குறிப்பை எழுதியது என்பேன். 1736 செப்டம்பர் 6, நள வருடம் ஆவணியில் தொடங்குகிறது அது. கப்பல் வந்தது, போனது, காதில் விழுந்தது, கண்ணில் பட்டது எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொல்லித் தொடங்குகிறார். சொன்னபடியே இருபத்துநாலு ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். சண்டைச் செய்திக்குப் பக்கத்திலேயே சரக்கு விலை வரும். எந்தத் துரை யாரைப் பார்த்து முகம் சுளித்தார், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, மதாம் தூப்ளே எந்தக் காரியத்தில் கைவைத்தார் என்று ஒன்றும் விடமாட்டார். தற்பெருமை நிறைய உண்டு, சோதிடம் உண்டு, வேண்டாதவர்கள் மேல் கசப்பும் உண்டு. அதனால்தான் நம்ப முடிகிறது. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் பயம் தெரியாது. பிள்ளை பயந்த நாள்கள் அவர் குறிப்பில் தெரிகின்றன. 1761 ஜனவரி 12இல் அவர் இறந்தார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

அந்த ஏடுகள் பிறகு எண்பத்தைந்து ஆண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 1846இல் கல்லுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்ணில் பட்டதால் உலகுக்குத் தெரிந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்து முடிந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் நூலாக வரத் தொடங்கியது 1948இல்தான். நம் மொழியில் எழுதியதை நாம் கடைசியாகப் படித்தோம். பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களை எழுதிய பிறகே பிள்ளை பொதுவாசகரிடம் வந்தார்.

பரங்கிப்பேட்டை கொள்ளை போவது ஐதர் காலத்தில் புதிதாகத் தொடங்கியதில்லை. 1740 இறுதியில் மராட்டியக் குதிரைப்படை வந்து இங்கிருந்த கிடங்குகளை வாரிக்கொண்டு போனது. 1780 ஜூலையில் ஐதர் மலையிறங்கியபோது அவர் மகன் கரீம் சாகிபின் குதிரைப்படை முதலில் பாய்ந்த இடங்களில் இந்தத் துறைமுகமும் ஒன்று. கப்பல்காரர்களும் துணி வணிகர்களும் வாழும் ஊரில் பணம் இருக்கும் என்று எல்லாப் படைக்கும் தெரிந்திருந்தது.

1781இல் கூட் கடலூரில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். அக்காலத்து அவர் கடிதங்களில் வீரத்தைவிட மாட்டுக் கவலையே மிகுதி. வண்டியிழுக்க மாடில்லை, அரிசி கப்பலில் வரவேண்டும், குதிரைப்படை கிடையாது என்று சென்னைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஜூன் 18 அன்று சிதம்பரத்தில் கோயில் மதிலுக்குள் இருந்த ஐதர் காவற்படையைத் தாக்கி, அடிவாங்கித் திரும்பினார். வெள்ளாற்றைத் தாண்டிப் பரங்கிப்பேட்டைக்கு வந்து கடலை ஒட்டி முகாமிட்டார். அங்கே இருந்தால் கப்பலிலிருந்து சோறு வரும். ஐதர் விரைந்து வந்து கடலூர்ச் சாலையை மறித்து மண்ணரண் எழுப்பினார். கூட் நேரே போகாமல் வலப்புறம் கடல்பக்கம் ஒதுங்கி, மணல்மேடுகளுக்கு இடையே கிடைத்த வழியில் புகுந்து பக்கவாட்டில் திரும்பினார். ஆங்கிலேயர் தரப்பில் செத்தவரும் காயம்பட்டவரும் சுமார் முந்நூறு பேர். ஐதர் தரப்பில் தளபதி மீர் சாகிபு விழுந்தார்.

இன்னொரு காட்சியை வில்க்ஸ் தம் தென்னிந்திய வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஐதர் மேட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்வாங்கவேண்டும் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கடைசியில் பழைய குதிரைக்காரர் ஒருவர் அவர் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டி, நாளைக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளப்பினாராம். அறிக்கைகள் மறந்த இந்தச் செருப்பை மைசூர் வாய்மொழி மறக்கவில்லை.

அன்று களத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எழுதும் பழக்கம் அதிகம். 73ஆம் படையணியின் இன்னெஸ் மன்றோ 1789இல் லண்டனில் வெளியிட்ட போர் வரலாற்றைக் கடிதத் தொடராகவே அமைத்தார். அந்தப் படையணியின் ஊதுகுழல்காரர்கள் சண்டைக்கு நடுவே ஊதியதற்காகக் கூட் ஐம்பது பவுன் கொடுத்துக் குழல் வாங்கச் சொன்னது அவர்கள் மறக்காத பெருமை. நமக்கு நெருக்கமானவர் இன்னொரு மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநராகி ரயத்துவாரி நிலவரி முறையோடு பெயர் ஒட்டிக்கொண்ட தாமஸ் மன்றோ. அப்போது இருபது வயதுப் பையன். சிதம்பரத் தாக்குதலிலும் பரங்கிப்பேட்டைச் சண்டையிலும் இருந்தவர். அவர் தந்தை கிளாஸ்கோவில் வர்ஜீனியா வணிகம் செய்து, அமெரிக்க விடுதலைப் போரில் எல்லாவற்றையும் இழந்தவர். மகன் கும்பினி வேலைக்குக் கப்பலேறியதற்கு அந்த நொடிப்பு ஒரு காரணம். அந்தத் தந்தைக்குத்தான் இங்கிருந்து போர்ச் செய்திகளை எழுதினார். படை எங்கே திரும்பியது, தளபதி எங்கே பிசகினார் என்று அதிகாரிக்கு எழுதத் துணியாததை அப்பாவுக்கு எழுதுகிறார். பின்னாளில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் பணம் கொட்டுகிறது என்று ஊரில் நினைப்பவர்களைக் கேலிசெய்து, தலைக்கு வைக்கத் தலையணைகூட இல்லாமல் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ வைத்துப் படுத்த கதையைச் சொல்கிறார். குடும்பக் கடிதத்தின் மதிப்பே இதுதான். கூட்டின் அறிக்கையில் படை நடக்கிறது. மன்றோ கடிதத்தில் படைக்குப் பசிக்கிறது.

இவற்றைவிடக் கடினமான எழுத்து சீரங்கப்பட்டணச் சிறையில் நடந்தது. 1780 செப்டம்பரில் பொள்ளிலூர்ப் போரில் ஐதர் படையிடம் பிடிபட்ட கும்பினி அதிகாரிகள் காவலர் கண்ணில் படாமல் எழுதினார்கள். கிராம்வெல் மாசி என்பவரின் குறிப்பேடு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. கிடைத்த அரிசியும் காய்ச்சலில் செத்தவர் பெயரும் அதில் உண்டு.

தமிழ்ப் பக்கம் பிள்ளைக்குப் பிறகும் எழுத்து அறவே நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்தாரே நாட்குறிப்பு எழுதினார்கள். இரண்டாம் வீராநாயக்கர் புதுச்சேரியில் காவல் பொறுப்பிலிருந்து 1778 முதல் 1792 வரை எழுதினார். பரங்கிப்பேட்டைச் சண்டை நடந்த ஆண்டு இதற்குள் வருகிறது. 1782 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரனின் கடற்படை பரங்கிப்பேட்டைக் கரையில் பிரெஞ்சுத் துருப்புகளை இறக்கியதும், ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்குப் போனதும் இதே காலம். தஞ்சைப் பக்கம் பஞ்சத்தில் அரிசி வாங்கி ஊருக்குச் சோறு போட்ட சுவார்ட்ஸ் போன்ற பாதிரிமார் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய கடிதங்கள் அங்கே அச்சாயின. மக்கள் பட்ட பாட்டைப் பார்க்கப் படைத்தளபதிகளின் தாள்களைவிட இவை உதவும்.

ஆனாலும் பரங்கிப்பேட்டை இன்னும் பேசவில்லை. கப்பல் வைத்திருந்த மரக்காயர் வீடு, தறி நிறுத்தி ஓடிய நெசவாளர் குடும்பம், படைக்குத் தோணி விட்டவர், முட்லூரில் வயல் மிதிபட்டவர், இவர்களில் ஒருவர் குரலும் அச்சில் இல்லை. எழுதவே இல்லை என்று நான் ஒப்பமாட்டேன். கடல் வணிகம் கடிதமும் கணக்கும் இல்லாமல் நடக்காது. அரபு எழுத்தில் தமிழ் எழுதும் வழக்கம் இந்தக் கரை முழுவதும் இருந்தது. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குள் எண்பத்தைந்து ஆண்டு கிடந்த ஏடு வெளியே வந்ததென்றால், இங்கேயும் ஏதேனும் ஒரு வீட்டுப் பெட்டியில் சரக்குக் கணக்கோ, கொடுக்கல் வாங்கல் சீட்டோ, பாட்டனார் பெயரில் வந்த கடிதமோ இருக்கக்கூடும்.

இம்மலரைப் படிக்கும் ஊரார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய வீட்டை இடிக்கும் முன், பெட்டகத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன், உள்ளே இருக்கும் தாளையும் ஓலையையும் ஒருமுறை பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் தூக்கி எறியாதீர்கள்; அரபுத் தமிழ் அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. படம் எடுத்துக்கொள்ள விட்டால் போதும். பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வெள்ளாற்றங்கரைப் போரைப் பற்றி இந்த ஊர்க்காரர் எழுதிய ஒரு வரி கிடைத்தாலும், இதுவரை அச்சான பக்கங்களை நாம் வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கும்.