புதுக்கோட்டை மகளிர் மிதிவண்டிப் பயிற்சி

புதுக்கோட்டை மகளிர் மிதிவண்டிப் பயிற்சி என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக நடைபெற்ற பெருந்திரள் பயிற்சி ஆகும். எழுத்தறிவுப் பணிக்குத் துணையாகத் தொடங்கிய இப்பயிற்சி, ஊரகப் பெண்கள் பிறர் துணையை எதிர்பாராமல் பயணம் செய்வதற்கு வழிவகுத்தது. இதன் மூலம் 1,00,000க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதி கல்லணைக் கால்வாயின் வழியே காவிரி நீரைப் பெறும் கடைமடைப் பகுதியாகும். மாவட்டத்தின் பிற பகுதிகள் பெரும்பாலும் ஏரி, கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பியவை. வயல் வேலை, கல் உடைத்தல், சிறு வணிகம் ஆகியவற்றில் ஈடுபட்ட பெண்கள், பேருந்து வசதி குறைந்த ஊர்களுக்கு இடையே நடந்தே செல்ல வேண்டியிருந்தது. மிதிவண்டி இருந்த வீடுகளிலும் அதனை ஆண்களே ஓட்டினர்.

இந்திய அரசு 1988 ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 ஆம் ஆண்டு முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து, புதுக்கோட்டையில் 1991 ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கப்பட்டது.

தொடக்கமும் பயிற்சியும்

அறிவொளி இயக்கத்தில் கற்போரிலும் கற்பிக்கும் தொண்டர்களிலும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர். மாலையில் வகுப்பு நடத்தவும் அடுத்த ஊர்க் கூட்டத்திற்குச் செல்லவும் அவர்கள் தந்தை, கணவர், உடன்பிறந்தோர் ஆகியோரைச் சார்ந்திருக்க நேர்ந்தது. எனவே அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியையும் இயக்கத்தின் பணிகளுள் ஒன்றாக்கினார். பெண்கள் மிதிவண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்கவும் அவர் முயற்சி மேற்கொண்டார். ஊர்கள்தோறும் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. கற்றுக்கொண்டவர்கள் பிறருக்குக் கற்பித்தனர். இயக்கத் தொண்டரான முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாடல் முகாம்களில் பரவலாகப் பாடப்பட்டது.

1992 ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, அனைத்துலக மகளிர் நாளில், கைப்பிடியில் கொடி கட்டிய 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரில் பேரணியாகச் சென்றனர். அதே ஆண்டு ஆகத்து மாதம் இம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

எதிர்ப்பு

பெண்கள் சாலையில் மிதிவண்டி ஓட்டுவதைப் பழித்தும் ஏளனம் செய்தும் பலர் பேசினர். பயிற்சி பெறுவோர் எண்ணிக்கை பெருகியதும் இவ்வெதிர்ப்பு தளர்ந்தது. தனியொரு பெண் ஓட்டினால் வியப்பாகத் தோன்றுவது, ஊரே ஓட்டும்போது இயல்பாகிவிடுகிறது. தனிநபர் பயிற்சியாக அன்றி இயக்கமாக நடத்தப்பட்டதே இதன் வெற்றிக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

பயன்கள்

விளைபொருள்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்ற பெண்களுக்குப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. கூடுதலான ஊர்களுக்குச் செல்லவும் முடிந்தது. தண்ணீர் கொண்டுவருதல், குழந்தைகளை அழைத்துச் செல்லுதல் போன்ற பணிகளும் எளிதாயின. மகளிர் மிதிவண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்களுக்கான மிதிவண்டிகளை ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் சிலர் அவற்றையே விரும்பினர்.

வரம்புகள்

ஓட்டக் கற்றவர் அனைவருக்கும் சொந்த மிதிவண்டி கிடைக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் அங்குச் சென்ற சாய்நாத், பெண்களின் ஆர்வம் குறையவில்லை என்றும், ஏறத்தாழ 1,400 ரூபாயாக இருந்த விலையைப் பலரால் கொடுக்க இயலவில்லை என்றும் குறிப்பிட்டார். திறனும் துணிவும் இருந்தும் வண்டி இல்லாத நிலை, ஏழைப் பெண்களுக்குப் பயிற்சியுடன் கடன் வசதியும் தேவை என்பதைக் காட்டியது.

தாக்கம்

சாய்நாத் 1996 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிகழ்வு பற்றிய கட்டுரை இடம்பெற்றுள்ளது. அதன் இந்தி வடிவம் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் சேர்க்கப்பட்டது.

பீகார் அரசு 2006 ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்க நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு, இத்திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே இந்த உயர்வு மிகுதியாக இருந்தது. தொலைவே பெண்களின் கல்விக்கும் வருவாய்க்கும் தடையாகும் இடங்களில், மிதிவண்டி அத்தடையை நீக்கும் எளிய கருவியாகிறது என்பதைப் புதுக்கோட்டையின் பட்டறிவும் பீகாரின் ஆய்வும் உணர்த்துகின்றன.